உத்தரவுத் தாளைக் கேட்போம்

(அயோத்திதாசப் பண்டிதர் நினைவுச் சொற்பொழிவு, புதியம்புத்தூர். பேச்சின் எழுத்து வடிவம்)



எனக்குத் தந்த பொருள் கருத்துரிமையும் அந்தரங்க உரிமையும். பேருந்தை விட்டு இறங்கி வரும்போது, அழைப்பிதழைக் கையில் வைத்திருந்த ஒரு பெரியவர் என்னை நிறுத்திக் கேட்டார்: “இதெல்லாம் மெட்ராசுல இருக்கவுக பேசுறதுல்லா? கூலிக்குப் போறவனுக்கு என்னத்துக்குய்யா அந்தரங்கம்?” நியாயமான கேள்வி. என் பேச்சு முழுவதும் அவருக்குச் சொல்லும் பதில்தான். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். திருப்தி இல்லை என்றால் கடைசியில் எழுந்து கேட்கட்டும்.

பண்டிதரிடமிருந்து

பண்டிதர் பெயரில் நடக்கும் கூட்டம் என்பதால் அவரிடமிருந்தே தொடங்குகிறேன். 1881 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது நம் மக்களை ‘ஆதித் தமிழர்’ என்று பதிய வேண்டும் என்று அவர் அரசைக் கேட்டார். அரசாங்கத்தின் ஏட்டில் நம் பெயரை யார் எழுதுவது, எப்படி எழுதுவது என்ற கேள்வி அது. பிறகு 1907 ஜூன் 19 அன்று ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு அது ‘தமிழன்’ ஆனது. 1914இல் அவர் மறையும்வரை நடத்தினார். மற்றவர்கள் நடத்திய பத்திரிகைகளில் நம் சொல்லுக்கு இடம் இல்லாத காலம் அது. நாம் எழுதுவதை யாரும் நிறுத்தக் கூடாது என்ற பதில் அந்த இதழில் இருந்தது.

நம்மைப் பற்றி அரசு என்ன எழுதி வைத்திருக்கிறது? நாம் எழுதுவதை அரசு எப்போது நிறுத்தலாம்? முதல் கேள்விக்கு இன்று அந்தரங்க உரிமை என்று பெயர். இரண்டாவதற்குக் கருத்துரிமை என்று பெயர். பெயர்தான் புதிது. கேள்வி நம் ஆட்கள் கேட்டதுதான்.

ஐந்து நாள்

நம் மாவட்டத்திலேயே நடந்ததை முதலில் எடுத்துக்கொள்வோம். 2018 மே 22. ஸ்டெர்லைட் ஆலையை மூடச் சொல்லித் தூத்துக்குடியில் நடந்த போராட்டத்தின் நூறாவது நாள். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தை நோக்கி மக்கள் போனார்கள். அன்றும் மறுநாளும் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்தார்கள். மே 23ஆம் தேதி தமிழக உள்துறை ஓர் உத்தரவு போட்டது. தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மூன்று மாவட்டங்களிலும் ஐந்து நாளைக்கு இணையம் கிடையாது. சமூக ஊடகச் செய்திகளால் கூட்டம் சேர்ந்தது, வதந்தி பரவுகிறது என்பது அரசு சொன்ன காரணம்.

அந்த ஐந்து நாளும் எப்படிப்பட்ட நாட்கள் என்று யோசியுங்கள். ஆஸ்பத்திரியில் யார் கிடக்கிறார்கள், எந்தத் தெருவில் போலீஸ் நுழைந்திருக்கிறது, போன பையன் எங்கே என்று ஒவ்வொரு வீட்டிலும் தவித்த நாட்கள். துப்பாக்கிச் சூட்டைப் படம் பிடித்தவர்கள் அதை வெளியுலகத்துக்கு அனுப்ப வேண்டியிருந்த நாட்கள். வேன் மேல் ஏறி நின்று ஒருவர் குறி பார்க்கும் காட்சியை நாடே பார்த்தது. அது வெளியே வராமல் போயிருந்தால், கூட்டம் தாக்க வந்தது, தற்காப்புக்குச் சுட்டோம் என்ற ஒரே கதைதான் மிஞ்சியிருக்கும்.

உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்கு வழக்கு போனது. தூத்துக்குடியில் நடந்ததற்குத் திருநெல்வேலியிலும் கன்னியாகுமரியிலும் ஏன் நிறுத்தினீர்கள் என்று நீதிமன்றம் கேட்டது. அந்த இரண்டு மாவட்டங்களுக்கும் முதலில் இணையம் திரும்பியது. தூத்துக்குடிக்குக் கடைசியில்தான் வந்தது. நீதியரசர் அருணா ஜெகதீசன் ஆணையம் 2022இல் தன் அறிக்கையைக் கொடுத்தது. காவல்துறையினர் 17 பேர் மீதும் அப்போதைய ஆட்சியர் மீதும் நடவடிக்கை எடுக்கச் சொல்லிப் பரிந்துரைத்தது. வதந்தி என்று சொல்லி வாயை அடைத்த நாட்களில் மக்கள் சொல்லத் துடித்தது பெரும்பாலும் உண்மை என்று அரசே அமைத்த ஆணையத்தின் அறிக்கையைப் படித்தால் தெரியும்.

இன்னொன்றும் உண்டு. இணையம் நின்றால் வசதியானவருக்கு இடைஞ்சல், நமக்கு வயிற்றுப்பாடு. இந்த ஊரில் ஆயத்த ஆடை தைத்துப் பிழைக்கிறோம். மாதிரித் துணியின் படம் வருவது, அளவு வருவது, பணம் வருவது எல்லாம் கைபேசியில்தான். ஒரு உத்தரவில் மூன்று மாவட்டத்தின் கைபேசியை நிறுத்தினால் தினக்கூலிக்காரர் எத்தனை பேர் வேலை இழப்பார்கள் என்பதை அந்த உத்தரவு எழுதுகிறவர் கணக்குப் பார்க்க வேண்டுமா இல்லையா? வேண்டும் என்றுதான் இப்போது சட்டம் சொல்கிறது. அது எப்படி வந்தது என்று பார்ப்போம்.

தந்தி காலத்துச் சட்டம்

வெள்ளைக்காரன் 1885இல் தந்திச் சட்டம் போட்டான். அதன் 5(2) பிரிவு, தந்தியைத் தடுக்கவும் இடைமறித்துப் படிக்கவும் அரசுக்கு அதிகாரம் தந்தது. தந்தி போய் தொலைபேசி வந்தது, தொலைபேசி போய் கைபேசி வந்தது, பிரிவு மட்டும் போகவில்லை. 2017இல் அதே சட்டத்தின் கீழ் இணையத்தை நிறுத்துவதற்கும் விதிகள் போட்டார்கள். தூத்துக்குடியில் பயன்பட்டவை அந்த விதிகள்தான்.

ஆனால் அந்தப் பழைய பிரிவுக்குள்ளேயே ஒரு பூட்டு இருக்கிறது. பொது நெருக்கடி இருக்க வேண்டும், அல்லது பொதுப் பாதுகாப்புக்கு ஆபத்து இருக்க வேண்டும். இந்த இரண்டில் ஒன்று இல்லாமல் கை வைக்க முடியாது. காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும். 1996 டிசம்பர் 18 அன்று, மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தப் பூட்டை இறுக்கியது. தொலைபேசியை ஒட்டுக் கேட்க உள்துறைச் செயலர் மட்டத்தில் உத்தரவு வேண்டும், அதை ஒரு மறுஆய்வுக் குழு பார்க்க வேண்டும், காலவரையறை வேண்டும் என்றது. கைது செய்யும்போது காவல்துறை என்னென்ன செய்ய வேண்டும் என்று வரையறுத்த டி.கே. பாசு தீர்ப்பும் அதே நாளில் வந்ததுதான்.

2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அமர்ந்து, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகச் சொன்னார்கள். அதில் அரசு தலையிட வேண்டுமானால், அதற்கென்று ஒரு சட்டம் வேண்டும். நோக்கம் முறையானதாக இருக்க வேண்டும். எலியைப் பிடிக்க வீட்டைக் கொளுத்தக் கூடாது, அதாவது செய்யும் நடவடிக்கை நோக்கத்தின் அளவை மீறக் கூடாது.

அடுத்து காஷ்மீர். 2019 ஆகஸ்டில் அங்கே இணையத்தையும் தொலைபேசியையும் நிறுத்தினார்கள். அனுராதா பாசின் என்ற பத்திரிகையாளர் வழக்குப் போட்டார். விசாரணையின்போது எல்லா உத்தரவுகளையும் அரசு நீதிமன்றத்தில் வைக்கவில்லை. 2020 ஜனவரி 10 அன்று வந்த தீர்ப்பு சொன்னது: இணையத்தின் வழியாகப் பேசுவதும் 19(1)(அ) தரும் பேச்சுரிமைக்குள் அடங்கும். காலவரையில்லாமல் நிறுத்த முடியாது. நிறுத்தும் உத்தரவை மக்கள் பார்க்கும்படி வெளியிட வேண்டும். 2024 நவம்பரில் வந்த புதிய விதிகளும் ஒரு உத்தரவுக்கு அதிகபட்சம் 15 நாள் என்று வரம்பு வைத்து, காரணத்தை எழுதி வெளியிடச் சொல்கின்றன.

நம் மாநிலத்திலேயே ஒரு தீர்ப்பு உண்டு. லஞ்ச வழக்கு ஒன்றில் ஒரு நிறுவன அதிகாரியின் தொலைபேசியை ஒட்டுக் கேட்க 2011இல் ஒன்றிய உள்துறை உத்தரவு போட்டிருந்தது. 2025 ஜூலை 2 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதியரசர் ஆனந்த் வெங்கடேஷ் அதை ரத்து செய்தார். குற்றத்தைக் கண்டுபிடிக்க உதவும் என்பது போதாது, பொது நெருக்கடியோ பொதுப் பாதுகாப்புக்கு ஆபத்தோ அங்கே இல்லை என்றார். வழக்குப் போட்டவர் நம் தெருக்காரர் இல்லை. ஆனால் அந்தத் தீர்ப்பு நம் தெருவுக்கும் பொருந்தும்.

இவ்வளவு சட்டக் கதையையும் ஒரு வரியில் சொல்லிவிடலாம். அரசுக்கு அதிகாரம் உண்டு. அது காரணம் எழுதிய ஒரு தாளின் மேல்தான் நிற்க முடியும். அந்தத் தாள் இல்லை என்றால் அதிகாரமும் இல்லை.

பேசியதற்கு வழக்கு

மொத்தமாக ஊர் வாயை அடைப்பது ஒரு வழி. ஆளைப் பிடித்துப் பயமுறுத்துவது இன்னொரு வழி. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 66ஏ என்று ஒரு பிரிவு இருந்தது. ‘எரிச்சலூட்டும்’ செய்தி அனுப்பினால் மூன்று ஆண்டு சிறை. எரிச்சல் யாருக்கு வரும், எதற்கு வரும் என்று எந்தச் சட்டப் புத்தகம் சொல்லும்? 2012இல் புதுச்சேரியில் ஒருவர் ஒன்றிய அமைச்சரின் மகனைப் பற்றி ட்விட்டரில் எழுதியதற்காகக் கைதானார். 2015 மார்ச் 24 அன்று ஷ்ரேயா சிங்கால் வழக்கில் அந்தப் பிரிவையே உச்ச நீதிமன்றம் செல்லாதது ஆக்கியது. அதன் பிறகும் காவல் நிலையங்களில் அதே பிரிவில் வழக்கு எழுதிக்கொண்டிருந்தார்கள். 2022இல் உச்ச நீதிமன்றம் மறுபடியும் நிறுத்தச் சொல்ல வேண்டியிருந்தது. தீர்ப்பு தில்லியில் வந்துவிடும். காவல் நிலையத்துக்கு வந்து சேர ஏழு வருடம்.

2018 செப்டம்பரில் தூத்துக்குடி விமான நிலையத்தில் ஒரு ஆராய்ச்சி மாணவி, ஒன்றியத்தை ஆளும் கட்சிக்கு எதிராக முழக்கமிட்டதற்காகக் கைதானார். வழக்கை மதுரைக் கிளை ரத்து செய்தது 2023இல். சிறுமலைக்குச் சுற்றுலா போன ஒருவர் ‘துப்பாக்கிப் பயிற்சிக்காக’ என்று வேடிக்கையாக முகநூலில் எழுதினார். வாடிப்பட்டி போலீசார் அவர் மேல் அரசுக்கு எதிராகப் போர் தொடுக்க ஆயத்தம் செய்தார் என்று வழக்குப் போட்டார்கள். 2021 டிசம்பரில் அதையும் மதுரைக் கிளை தள்ளியது. வழக்குகள் கடைசியில் நிற்பதில்லை. ஆனால் நிற்காத வழக்குக்கும் வக்கீல் ஃபீஸ் உண்டு, வாய்தாவுக்குப் போன நாளின் கூலி போகும், கடவுச்சீட்டு கிடைக்காது, அரசு வேலைக்குத் தடை வரும். தண்டனை தீர்ப்புக்கு முன்னாலேயே முடிந்துவிடுகிறது.

குண்டர் சட்டம் இதைவிடக் கடுமையானது. 1982இன் தமிழ்நாடு சட்டம் 14. விசாரணையே இல்லாமல் ஓராண்டு வரை அடைத்து வைக்கலாம். 2014இல் அதில் இணையக் குற்றவாளிகளையும் சேர்த்தார்கள். 2017இல் துண்டறிக்கை கொடுத்த சேலம் மாணவி வளர்மதி மேல் இந்தச் சட்டம் பாய்ந்தது. இரண்டு மாதத்துக்குள் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது.

ரேகையிலிருந்து கருவிழி வரை

இப்போது பண்டிதரின் முதல் கேள்விக்கு வருகிறேன். நம்மைப் பற்றிய ஏடு.

நம் பக்கத்துப் பெரியவர்களுக்கு ‘ரேகைச் சட்டம்’ என்றால் தெரியும். 1871இல் வட இந்தியாவில் வந்த குற்றப் பரம்பரையினர் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. குறவர் உட்படப் பல சமூகத்தாரைப் பிறப்பிலேயே குற்றவாளி என்று எழுதினார்கள். கைரேகை எடுத்தார்கள். இரவில் காவல் நிலையத்தில் போய்ப் படுக்க வைத்தார்கள். ரேகை கொடுக்க மறுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று சுட்டார்கள். அவர்கள் வேறு சாதியார். ஆனால் ஏட்டில் பெயர் ஏறினால் என்ன ஆகும் என்பதைப் படிக்க நமக்கும் அது பாடம்தான்.

1995 ஆகஸ்ட் 31 அன்று கொடியன்குளத்துக்குள் நூற்றுக்கணக்கான போலீசார் நுழைந்தார்கள். இந்த அரங்கில் இருப்பவர்களுக்கு அதை நான் விவரிக்கத் தேவையில்லை. ஒன்றை மட்டும் நினைவுபடுத்துகிறேன். தொலைக்காட்சிப் பெட்டியையும் மின்விசிறியையும் உடைத்தார்கள், கிணற்றைக் கெடுத்தார்கள், அதோடு படித்த பிள்ளைகளின் சான்றிதழ்களையும் கடவுச்சீட்டுகளையும் கொளுத்தினார்கள். நாம் முன்னேறியதற்குச் சாட்சியாக நம் கையில் இருந்த தாள்கள் அவை. அவற்றை எரித்துவிடலாம். காவல் நிலையத்தில் நம் பெயர் இருக்கும் தாளை யாரும் எரிப்பதில்லை.

அந்தத் தாளுக்குச் சரித்திரப் பதிவேடு என்று பெயர். 1962இல் கரக் சிங் வழக்கில், கண்காணிப்பு என்று சொல்லி இரவில் வீட்டுக் கதவைத் தட்டக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் அந்தரங்கம் அடிப்படை உரிமை இல்லை என்றும் அப்போது சொல்லிவிட்டது. அந்தத் தவறைத் திருத்தியது 2017 தீர்ப்பு. 2024 மே மாதம் அமானத்துல்லா கான் வழக்கில் உச்ச நீதிமன்றம் வெளிப்படையாகவே பேசியது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர் ஆகியோரில் குற்றமற்றவர்கள் பெயர்கூட யோசனை இல்லாமல் இந்தப் பதிவேடுகளில் ஏற்றப்படுகிறது என்ற கவலையைச் சொல்லி, எல்லா மாநிலங்களும் தங்கள் முறையைப் பார்க்கச் சொன்னது.

பதிவேடும் பெரிதாகிவிட்டது. 2022இல் வந்த குற்றவியல் நடைமுறை (அடையாளம் காணல்) சட்டத்தின்படி கைதானவரின் விரல் ரேகை, உள்ளங்கை, பாதம், கருவிழி வரை எடுக்கலாம். 75 ஆண்டு வைத்திருக்கலாம். மறியலுக்குப் போய்க் கைதாகும் இருபது வயதுப் பிள்ளையின் கருவிழி அவன் தொண்ணூற்றைந்து வயது வரை அங்கே இருக்கும். முன்பு தண்டனை பெறாதவர் விடுதலையானால் அழிக்க வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. அதை நாம் கேட்டு வாங்க வேண்டும்.

2023இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கம்பெனிக்காரன் நம் விவரத்தை எடுத்தால் கேட்க அதில் வழி இருக்கிறது. ஆனால் அரசு தனக்கு வேண்டிய அமைப்புகளுக்கு விலக்கு அளித்துக்கொள்ளலாம். அதோடு தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவையும் அந்தச் சட்டம் திருத்துகிறது. பஞ்சமி நிலம் இப்போது யார் பெயரில் இருக்கிறது என்று மனுப் போட்டால், ‘தனிநபர் தகவல், தர முடியாது’ என்று சொல்ல அது வழி வைக்கிறது. நம் அந்தரங்கத்துக்குக் காவல் இல்லை, நம் நிலத்தை வைத்திருப்பவனின் அந்தரங்கத்துக்குக் காவல். ஆனால் பொது நலன் பெரிதானால் தகவலைத் தரலாம் என்னும் 8(2) பிரிவு அப்படியே இருக்கிறது. மனுவில் அந்தப் பிரிவைக் குறிப்பிட்டே எழுதுங்கள்.

நம்மை இழிவு செய்வதும் கருத்துரிமையா?

இதை இளைஞர்கள் கேட்கிறார்கள். கருத்துரிமை என்று பேசுகிறீர்களே, காணொளி போட்டு நம் சாதியைத் திட்டுகிறவனுக்கும் அந்த உரிமை உண்டா?

இல்லை. 1989இன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(ஆர்), (எஸ்) பிரிவுகள், பொதுமக்கள் பார்வைக்குட்பட்ட இடத்தில் இழிவுபடுத்துவதையும் சாதிப் பெயர் சொல்லித் திட்டுவதையும் குற்றம் என்கின்றன. இணையமும் அப்படிப்பட்ட இடம்தான் என்று 2022இல் கேரள உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. எழுத்தாலோ பேச்சாலோ நம் மீது பகை மூட்டுவது (யு) பிரிவு. நாம் மதிக்கும் மறைந்த தலைவர்களை இழிவு செய்வது (வி) பிரிவு. அரசாங்கத்தை விமர்சிப்பது, அதிகாரியைக் கேள்வி கேட்பது, சாதியை எதிர்த்து எழுதுவது உரிமை. பலமில்லாதவனைப் பலமுள்ளவன் சாதி சொல்லி மிதிப்பது உரிமையில் சேராது.

ஒரு சங்கடத்தையும் மறைக்கக் கூடாது. 1951இல் வந்த முதல் அரசியல் சட்டத் திருத்தம்தான் கல்வியில் இட ஒதுக்கீட்டைக் காப்பாற்றிய 15(4) பிரிவைத் தந்தது. பொது ஒழுங்கின் பெயரால் பேச்சைக் கட்டுப்படுத்தும் வாசகத்தை 19(2)இல் நுழைத்ததும் அதே திருத்தம்தான். அப்போது சட்ட அமைச்சர் புரட்சியாளர் அம்பேத்கர். ஆனால் அந்தத் திருத்தத்தில் ‘நியாயமான’ கட்டுப்பாடு என்ற சொல்லும் சேர்ந்து வந்தது. அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் 66ஏ பிரிவை வீழ்த்த முடிந்தது. கட்டுப்பாடு நியாயமானதா என்று கேட்கும் வேலையை அந்தச் சொல் நம்மிடம் விட்டிருக்கிறது.

கையோடு கொண்டுபோக

என் அக்கா மகன் ஒருவன். சில வருடம் முன்னால் செப்டம்பர் மாதம், தியாகி இமானுவேல் சேகரன் நினைவு நாளுக்குப் போய்விட்டு வரும் வழியில் ஒரு சோதனைச் சாவடியில் நிறுத்தினார்கள். கைபேசியைத் திறக்கச் சொன்னார்கள். திறந்தான். வாட்ஸ்அப் குழுக்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். அவன் தங்கச்சி அனுப்பிய செய்தி வரை படித்தார்கள். வழக்கு எதுவும் இல்லை, அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து அவன் எல்லாக் குழுவிலிருந்தும் வெளியேறினான். “என்னடா?” என்றேன். “எதுக்கு வம்பு மாமா” என்றான். அந்தப் பதில்தான் எனக்குப் பயத்தைத் தந்தது. எந்த உத்தரவும் போடாமல், எந்தத் தாளிலும் எழுதாமல் ஒரு பிள்ளையின் வாய் மூடிக்கொண்டது.

அதனால் சில விஷயங்களைச் சொல்லிவிட்டு முடிக்கிறேன். சாலையில் நின்று சண்டை போடாதீர்கள். மரியாதையாக ஒன்றைக் கேளுங்கள்: “சார், எந்த வழக்குக்காகப் பார்க்கிறீங்க?” கைபேசியைப் பறிமுதல் செய்தால், அதன் ஐஎம்இஐ எண் எழுதிய பறிமுதல் பட்டியலின் நகல் கேளுங்கள். சோதனையையும் பறிமுதலையும் ஒளிப்பதிவு செய்ய வேண்டும் என்று புதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 105ஆம் பிரிவு சொல்கிறது. குற்றம் சாட்டப்பட்டவர் தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்த முடியாது என்பது அரசியல் சட்டத்தின் 20(3). கடவுச்சொல்லுக்கு அது எவ்வளவு பொருந்தும் என்பதில் நீதிமன்றங்கள் வெவ்வேறாகச் சொல்லியிருக்கின்றன. அதனால் வக்கீலைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்பது நல்ல பதில். கைதானால் காரணம் சொல்ல வேண்டும், 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டும்.

வக்கீலுக்குப் பணம் இல்லையே என்பீர்கள். 1987இன் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி, பட்டியல் சாதியைச் சேர்ந்த ஒவ்வொருவருக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணை இப்போதே கைபேசியில் பதிந்துகொள்ளுங்கள்.

அய்யா, கூலிக்குப் போகிறவனுக்கு அந்தரங்கம் எதற்கு என்று கேட்டீர்கள். வசதியானவன் வீட்டுக்கு மதில் உண்டு, வாசலில் காவலாள் உண்டு, தெரிந்த அதிகாரி உண்டு. நம் வீட்டுக்குக் கதவு மட்டும்தான் உண்டு. அந்தக் கதவை யாராவது தட்டும்போது “எந்த உத்தரவு? தாளைக் காட்டுங்க” என்று கேட்கும் உரிமைதான் நமக்கு மதில். பண்டிதர் காலணாவுக்குப் பத்திரிகை விற்று நம்மைக் கேட்கப் பழக்கினார். தொடர்ந்து கேட்போம்.